எப்போது அளப்பது

நூறு பக்கெட்டில் முப்பத்தொன்று ஒழுகின.

பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ஒவ்வொன்றையும் சாய்த்துவைத்தார். பத்து நிமிடம் காத்திருந்தார். அடியில் விரித்த செய்தித்தாளில் ஈரம் தெரிந்தால் மூடியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. உள்ளே இருந்தது பெயிண்ட் இல்லை, தண்ணீர்தான். முப்பத்தொன்றாவது குறியைப் போட்டுவிட்டு விரலில் ஒட்டிய தூளை ஊதினார். இன்னும் பன்னிரண்டு நாள் தருவதாகச் சொன்னார். அடுத்த முறை முந்நூறு பக்கெட். மூன்றுக்கு மேல் ஒழுகினால் ஒரு தடவை நிரப்பி எறிகிற பக்கெட்டையே வெளியில் வாங்கிக்கொள்வார்களாம்.

எங்கள் தெருவில் மூன்று தொழிற்சாலைகள் இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட் செய்கின்றன. முன்பு ஒவ்வொருவர் பக்கெட்டும் ஒவ்வோர் அளவு. காலியானவை குப்பைக்குப் போகும், அல்லது யார் வீட்டிலாவது தண்ணீர் பிடிக்கும். இப்போது மூவரும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரே அளவில் செய்வது. காலி பக்கெட்டைத் திரும்ப வாங்கிப் பொது ஷெட்டில் கழுவி, மறுபடி நிரப்பக் கொடுப்பது. உடைந்ததை அரைத்து மறுபடி பக்கெட்டாகவே அடிப்பது.

பெயிண்ட் அடிப்பவர்கள் மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பித்தான் திறப்பார்கள். பத்து மூடியில் நான்கு உடைந்து வரும். அதனால் யார் மூடியும் யார் பக்கெட்டிலும் உட்கார வேண்டும். இல்லையென்றால் ஷெட்டில் கழுவுகிற பெண்கள் நாள் முழுக்க ஜோடி தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவரவர் மூடி அவரவர் பக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாற்றிப் போட்டால் ஒழுகியது.

ஏன் என்று கண்டுபிடிப்பது என் வேலை. மூவருக்கும் பொதுவாக அமர்த்தப்பட்ட ஆள் நான். கல்லூரியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தேன். இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் மாமா. என் மனைவியின் அப்பா. மூன்று தொழிற்சாலைகளில் சின்னது அவருடையது.

அவள் இறந்து எட்டு மாதம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு காலையில் வந்து சட்டையைப் போடு என்றார். போட்டேன். ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். மகள் இல்லாமல் போன பிறகு மருமகன் என்ன உறவு என்பதற்குத் தனியாக ஒரு சொல் இல்லை. அவர் இன்னும் மாப்ளே என்றுதான் கூப்பிடுகிறார்.

மற்ற இருவரில் பெரியவரை எல்லோரும் ஆறு மிஷின்காரர் என்பார்கள். மாமாவின் வயதுதான். முப்பது வருடமாக ஒரே தெருவில் இருப்பதால் இருவருக்கும் இடையில் வா, போ. மூன்றாவது ஆள் மூடியக்கா. கணவர் வேறு வேலைக்குப் போய்விட, தொழிற்சாலையை நடத்துவது அவர்தான். மூடியில் தொடங்கிப் பக்கெட்டுக்கு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். வாய்க்கு மட்டும் மூடி கிடையாது என்று ஆறு மிஷின்காரர் சொல்வார். அக்காவுக்கு முன்னாலேயே சொல்வார்.

பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்துகிற இரும்பு அச்சைத் தொழிலில் மோல்டு என்பார்கள். பொது அளவுக்காக மற்ற இருவரும் புது மோல்டு செய்துகொண்டார்கள். பழையதை கிரீஸ் தடவி, தார்ப்பாயில் சுற்றி, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு அந்த வசதி இல்லை. இருந்த ஒரே மோல்டைக் கடைசலுக்கு அனுப்பிப் பெரிதாக வெட்டிவிட்டார். இரும்பை வெட்டலாம். வெட்டியதை மறுபடி ஒட்டிவைக்க முடியாது.

ஆகவே ஏற்பாடு உடைந்தால் மற்ற இருவரும் மறுநாளே பழைய பக்கெட்டை அடிக்கலாம். மாமாவிடம் யாருக்கும் வேண்டாத அளவில் ஒரு மோல்டும் ஒரு பக்கெட் மிஷினும் அவரை நம்பி ஒன்பது பேரும் இருப்பார்கள். ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கத் தனக்கு வராது என்றார். அது பதில் இல்லை என்று தோன்றியது. மேலே கேட்கவில்லை. அப்போதெல்லாம் நான் எதையும் மேலே கேட்பதில்லை.

அதிகாரி போன பிறகு மூவரும் ஷெட்டிலேயே சண்டைபோட்டார்கள். மூவரிடமும் ஒரே டிராயிங் இருக்கிறது. ஒரே பட்டறையில் கடைந்த இரும்பு வளையம் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. பக்கெட் மேலே அகலம், கீழே குறுகல். வளையத்தை அடியிலிருந்து மேலே ஏற்றினால் வாய்ப்பக்கம் ஓர் இடத்தில் சிக்கி நிற்கும். அங்கே ஒரு கோடு உண்டு. கோட்டில் நின்றால் அளவு சரி. மூடிக்கும் இதேபோல் ஒரு தட்டு இருக்கிறது. எங்கள் பக்கெட் கோட்டில்தான் நிற்கிறது என்று மூவரும் அடித்துச் சொன்னார்கள். ஆறு மிஷின் ஓடுகிற இடத்தில் வளையத்தில் கைக்குட்டை காயப்போட்டிருப்பார்கள் என்றார் மூடியக்கா. மாமா குறி போட்ட மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வளையங்களைச் சந்தேகித்தேன். மூன்றையும் பட்டறைக்கு எடுத்துப்போய் அளந்தேன். முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. பிறகு அரைத்துச் சேர்க்கிற பழைய பிளாஸ்டிக்கைச் சந்தேகித்தேன். மூவருக்கும் ஒரே மூட்டையிலிருந்து கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் மாற்றிப் போட்டால் ஒழுகியது. மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் மாலை ஆறு மிஷின்காரரின் தொழிற்சாலைக்குப் போனேன். என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒருவர் ஓடிப்போய் மிஷினின் திரைமேல் துண்டைப் போட்டார். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தொழில் வழக்கம் அது. ஒரு பக்கெட் வெளியே விழுவதற்கும் அடுத்தது விழுவதற்கும் எத்தனை செகண்டு என்பது அந்தத் திரையில் ஓடும். அது தெரிந்தால் ஒரு நாளில் எத்தனை அடிக்கிறார், எவ்வளவுக்கு இறங்கி விற்க முடியும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சம்பளத்தைச் சொல்பவர்கூட செகண்டைச் சொல்ல மாட்டார்.

பக்கெட் விழுந்தது. ஃபோர்மேன் கையுறை போட்ட கையால் எடுத்தார். ஆவி பறக்காத குறை. வளையத்தை அடியிலிருந்து ஏற்றினார். கோட்டில் நின்றது. இன்னொன்று. கோட்டில் நின்றது. இப்ப நம்புறீங்களா தம்பி என்பதுபோல் பார்த்தார். நம்பினேன். ஒரு பக்கெட்டைக் கொடுங்கள், ஷெட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். இறுக்கமாக இருந்ததால் வளையத்தைக் கழற்றாமல் அப்படியே கொடுத்தார்.

வெளியே, தொழிற்சாலைச் சுவரை ஒட்டியே பஸ் நிறுத்தம். பக்கெட் மிஷின் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மோல்டு மூடும்போது தரை அதிரும். பஸ் வரவில்லை. நான் எண்ண நினைக்கவில்லை. எண்ணம் எங்கோ இருக்க, காது எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது. மறுபடி இருபத்தொன்பது. துண்டைக் கொண்டு மூடிய எண்ணைத் தெருவில் நிற்பவர் யாரும் எண்ணலாம். யாரும் எண்ணியதில்லை போலும்.

அந்நேரத்துக்கு ஷெட்டைப் பூட்டியிருப்பார்கள். பக்கெட்டை வீட்டுக்கே கொண்டுபோனேன். பஸ்ஸில் ஒரு பெண் அதன்மேல் தன் பையை வைத்துக்கொண்டு, இறங்கும்போது நன்றி சொன்னாள்.

சமையலறைத் தரையில் வைத்துவிட்டு டீ போட்டேன். முன்னறையில் உட்கார்ந்து குடித்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. டங்கென்று ஒரு சத்தம். தொடர்ந்து, நாணயம் சுழன்று அடங்குவதுபோல் நீளமாக ஒரு ரீங்காரம்.

எழுந்து நின்றேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் என் கை எழுப்பாத சத்தம் எதுவும் கேட்டதில்லை.

சமையலறையில் வளையம் தரையில் கிடந்தது. பக்கெட்டின் அடியைச் சுற்றி, பாதத்தைச் சுற்றி நழுவி விழுந்த கொலுசு மாதிரி. எடுத்து மறுபடி மேலே ஏற்றினேன். கோட்டில் நிற்கவில்லை. தாண்டி, விளிம்பு வரை போய் இடித்தது. மாலையில் சரியாக இருந்த பக்கெட் ஒன்றரை மணி நேரத்தில் சின்னதாகியிருந்தது.

சூடான பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். இதைப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். நான் படித்துத் தெரிந்துகொண்டது அந்த மூவருக்கும் முப்பது வருடமாகக் கைக்குத் தெரியும். தெரிந்துதான் அவரவர் பக்கெட்டுக்கு அவரவர் மூடியைப் பொருத்திவைத்திருக்கிறார்கள். அப்படியானால்? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. ஒரு கேள்வி இருந்தது, நான் யாரிடமும் கேட்காத கேள்வி. விடியட்டும் என்று காத்திருந்தது நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான்.

காலையில் மூன்று இடத்திலும் போய்க் கேட்டேன். பக்கெட்டை எப்போது அளக்கிறீர்கள்?

ஆறு மிஷின்காரரின் ஃபோர்மேன், அதான் பார்த்தீர்களே, விழுந்த உடனே என்றார். ஆறிய பிறகு அளந்தால், தப்பு என்று தெரிவதற்குள் முந்நூறு பக்கெட் அடித்து முடித்திருப்பேனே என்று கேட்டார். நியாயம். மூடியக்காவின் இடத்தில் காலையில் அடித்ததை எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்து அளப்பார்கள். டீக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு அக்கா சிரித்தார். அன்றன்றைக்கு உள்ள பேச்சைப் பொறுத்தது என்றார். அதுவும் நியாயம். மாமா முதல் நாள் அடித்ததை மறுநாள் கதவைத் திறந்ததும் அளப்பார். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த பக்கெட்தான் நிஜ பக்கெட் என்று சொன்னார்.

டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். விட்டம், உயரம், தடிமன், கோடு, எல்லாம் இருந்தன. எப்போது அளப்பது என்று இல்லை. மூவருக்கும் அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டதும் இல்லை. எப்போது என்று தொடங்கினால் பேச்சு செகண்டில் போய் முடியும். செகண்டைப் பற்றிப் பேசக் கூடாது.

மத்தியானம் மாமாவிடம் சொன்னேன். எல்லோரும் மறுநாள் காலையில் அளப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் போதாது. மோல்டுக்குள் எவ்வளவு நேரம் ஆறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் வெளியே எவ்வளவு சுருங்கும் என்பது. மூவரின் செகண்டும் தெரிந்தால் இரண்டு நாளில் கணக்குப் போட்டுவிடுவேன். தெரியாவிட்டால் குருடன் யானையைத் தடவிய மாதிரி ஒரு மாதம் ஆகும். இருப்பது ஏழு நாள்.

ஆறு மிஷின்காரரின் செகண்டு எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அன்று காலை மூடியக்காவின் வாசலில் நின்று அவருடையதையும் எண்ணியிருந்தேன்.

மாமா கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ சொல்லாதே மாப்ளே. திருடிட்டு வந்த மாதிரி ஆயிடும். நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லு."

மறுநாள் ஷெட்டில் கூடினோம். நாற்காலி இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் தொழிற்சாலைப் பக்கெட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டதைக் கவனித்தேன். வளையம் விழுந்ததைச் சொன்னேன். மூன்று இடத்தின் நேரத்தையும் சொன்னேன். யாரும் பொய் சொல்லவில்லை, மூன்று வளையமும் பொய் சொல்லவில்லை என்றேன். மூடியக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். இத்தனை நாள் கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்டு நேரம் குறிக்காமல் இருந்திருக்கிறோம் என்றார்.

பிறகு செகண்டு வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது.

ஆறு மிஷின்காரர் அதை மட்டும் கேட்காதே என்றார். எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று மட்டும் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதிலிருந்து கூட்டுவது என்று தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். மூடியக்கா தன் வீட்டுக்காரருக்கே அதைச் சொன்னதில்லை என்றார். ஏற்பாடு இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும், சொன்னது சொன்னதுதானே என்றார். அதுவும் உண்மைதான். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் எழுந்து போய் அதை அடைத்துவிட்டு வந்தாள்.

"நாப்பத்தி நாலு," என்றார் மாமா.

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"என் மிஷின். நாப்பத்தி நாலு செகண்டு."

ஆறு மிஷின்காரர் உட்கார்ந்த பக்கெட்டைத் திருப்பி மாமாவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தி நாலா? அதை வச்சுக்கிட்டு எப்படிய்யா பொழைக்கிறே?"

"பொழைக்கலே. அதான் மோல்டை வெட்டினேன்."

மாமா தரையைப் பார்த்துத்தான் பேசினார். தனியாக நின்றால் உங்கள் இருவருக்கும் முன்னால் இன்னும் ஒரு வருடம் தாங்குவேன். எல்லோரும் ஒரே பக்கெட் அடித்து ஆர்டரை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் நானும் இருப்பேன். இந்த எண் வெளியே போனால் நாளைக்கே என் விலைக்குக் கீழே இறங்கி விற்று என்னை மூடிவிடலாம். அதுவும் தெரிந்துதான் சொல்கிறேன். இவ்வளவுதான் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அவர் மகளும் அப்படித்தான் பேசுவாள்.

நான் கேட்டதற்கான பதில் இது என்று புரிந்தது. ஆற்றில் கால், சேற்றில் கால் எல்லாம் சும்மா.

மூடியக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தி ஒண்ணு, தம்பி. எழுதிக்கோ."

நான் எண்ணியதும் அதுதான். எழுதிக்கொண்டேன். எல்லோரும் ஆறு மிஷின்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"இருபத்தாறு."

பேனா நின்றுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் மூன்று செகண்டு பெருமை. எழுதினால் கணக்கு தப்பும், பக்கெட் ஒழுகும். எழுதாவிட்டால் நான் எண்ணியது தெரிந்துவிடும். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"இருபத்தொன்பதுன்னு போட்டுக்கிறேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. யார் சொன்னது, என் ஆளுங்களா என்று கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. உங்க சுவரை ஒட்டித்தான் பஸ் ஸ்டாப்பு."

மூடியக்காதான் முதலில் சிரித்தார். பிறகு கழுவுகிற பெண்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசல் வரை போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்று திரும்பினார்.

"போட்டுக்கோ," என்றார்.

இரண்டு நாள் என்று சொல்லியிருந்தேன். மூன்று நாள் ஆயிற்று. எல்லோருடைய பக்கெட்டும் மூடியும் மாலையில் ஷெட்டின் அலமாரிக்கு வந்துவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, மூன்று ஃபோர்மேன்களும் சுற்றி நிற்க, ஒரே வளையத்தாலும் ஒரே மூடித் தட்டாலும் நான் அளப்பேன். ஆறு மிஷின்காரர் நான்கு செகண்டு கூட்ட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு பக்கெட்டுக்கு மேல் குறையும் என்று அவர் ஃபோர்மேன் புலம்பினார். கூட்டினார்கள். டீ நேரத்தை நம்பக் கூடாது என்று மூடியக்காவின் ஆட்கள் முடிவுசெய்தார்கள். டிராயிங்கின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஓர் இரவு ஆறிய பிறகு, காலை ஏழு மணிக்கு அளக்கவும். மூவரும் அதன் கீழே கையெழுத்திட்டார்கள்.

அதிகாரி வந்தார். புதுச் செய்தித்தாள், புது சாக்பீஸ். முந்நூறு பக்கெட்டையும் மூடிகளைக் கலைத்துப்போட்டு அடைத்திருந்தோம். மாமா ஷெட்டுக்குள் வரவில்லை. வெளியே நின்று யாருடைய சைக்கிளையோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி முடிக்கும்போது மணி மூன்று. இரண்டு ஒழுகின. ஒரு வருடத்துக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

வெளியே போய் மாமாவிடம் சொன்னேன். ம் என்றார். சைக்கிளின் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

அடுத்த வாரம் மாமாவின் தொழிற்சாலைக்கு ஆறு மிஷின்காரரின் ஃபிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. என்ன வயதான மிஷினாக இருந்தாலும் நாற்பத்து நாலு வராது, தண்ணி ஓடலைன்னு முதலாளி சொன்னார் என்றார். மோல்டை ஆற்றுகிற தண்ணீர்க் குழாய்களைக் கழற்றினார். கம்பியை விட்டுக் குத்தினார். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி கட்டியாக விழுந்தது. மாமா ஒன்றைப் பொறுக்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். எத்தனை வருடமாக அடைத்திருந்ததோ. எண்ணை யாரிடமாவது சொல்லியிருந்தால் இது தப்பு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை, அதனால் அதுதான் மிஷினின் இயல்பு என்று இருந்துவிட்டார்.

குழாய்களை மாட்டி ஓட்டினார்கள். ஃபிட்டர் இரண்டிரண்டு செகண்டாகக் குறைத்தார். நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்துநாலில் பக்கெட் கோணிக்கொண்டு வந்தது. ஒன்று கூட்டினார். முப்பத்தைந்தில் நேராக விழுந்தது. அளவு சரியா என்பதை மறுநாள் காலை வளையம் சொல்லும். மாமா கையுறை இல்லாமல் எடுக்கப் போய்ச் சுட்டுக்கொண்டார். ஃபிட்டருக்கு டீ சொல்லி அனுப்பினார்.

"ஏன் மாப்ளே, அந்த ரெண்டு மட்டும் ஏன் ஒழுகிச்சு?"

தெரியவில்லை என்றேன். அளவு சரியாக இருந்தது. ஒன்று அவருடைய பக்கெட், இன்னொன்று அக்காவுடையது. மூடிகள் வேறு வேறு. பொதுவாக எதுவும் இல்லை. இரண்டையும் எடுத்து என் மேசைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"ரெண்டுதானே, விட்டுத் தொலை."

"இல்லே மாமா," என்றேன். "நாளைக்குக் குறுக்கால அறுத்துப் பாக்கணும். ரம்பம் இருக்கா?"

எதற்கு நாளைக்கு என்று அவரே எழுந்து ரம்பத்தைத் தேடப் போனார்.